பீடரஸ் ஃபுஸ்கிபெஸ்: பெயரை உறுதிசெய்து பரவல் வரைபடம் போடுவது எப்படி?

சுமார் 7 மி.மீ. நீளம். தலை கறுப்பு, முன்மார்பு செம்மஞ்சள், குட்டையான இறக்கை உறை பளபளக்கும் நீலம், அதன் பின்னே செம்மஞ்சள் வயிறு, நுனியில் மறுபடி கறுப்பு. இந்த வண்டைப் படம் பார்த்தே பெயர் சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் பீடரஸ் பேரினத்தில் 600க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பலவற்றுக்கும் இதே வண்ணம்தான்.

படி 1: பிடிப்பது

வெறுங்கையால் தொடாதீர்கள். இது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. நசுங்கினால் உடல் திரவத்திலுள்ள பெடரின் என்ற நச்சு தோலில் பட்டு, ஓரிரு நாளில் கொப்புளம் எழும். மென்மையான தூரிகையால் தள்ளி, 70% ஆல்கஹால் உள்ள குப்பிக்குள் விழச் செய்யுங்கள். டி.என்.ஏ. ஆய்வுக்கு என்றால் 95%க்குக் குறையக் கூடாது. குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்து வெற்றுத்தாள்தான் மிஞ்சும்.

படி 2: குடும்பம், பேரினம்

வயிற்றின் பெரும்பகுதி இறக்கை உறைக்கு வெளியே தெரிந்தால் ஸ்டாஃபிலினிடே (குட்டை உறை வண்டுகள்) குடும்பமாக இருக்கலாம். வால்முனையில் இடுக்கி இருந்தால் அது வண்டே அல்ல, இடுக்கிப்பூச்சி. அடுத்து 20 மடங்கு பெரிதாக்கிப் பாதத்தைப் பாருங்கள்: ஐந்து கணுக்களில் நான்காவது இரண்டு மடலாகப் பிளந்திருப்பது பீடரஸுக்கு முக்கியமான அடையாளம். நிறத்தை மட்டும் நம்புபவர்கள் இந்தக் கணுவைப் பார்ப்பதே இல்லை.

படி 3: இனம்

வெளியே தெரியும் ஆறு வயிற்றுக் கண்டங்களில் முதல் நான்கு செம்மஞ்சள், கடைசி இரண்டு கறுப்பு. இறக்கை உறை முன்மார்பைவிட நீளம். உள்ளே மடிந்த இறக்கை முழுதாக இருக்கும். ஐரோப்பாவின் பீடரஸ் லிட்டோராலிஸுக்கு உறை குட்டை, அதனால் பறக்காது. இதைத் தாண்டி ஐயம் இருந்தால், ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்காமல் பெயர் எழுதாதீர்கள். காய்ந்த வண்டு என்றால் வெந்நீரில் ஊறவைத்து இளக்குங்கள். வயிற்று நுனியிலிருந்து உறுப்பை ஊசியால் மெல்ல எடுத்து, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அறை வெப்பநிலையில் சில மணி நேரம் வையுங்கள். அவசரப்பட்டுக் கொதிக்க வைத்தால் மெல்லிய சவ்வுகள் கரைந்து, வேறுபாடு காட்ட வேண்டிய இடமே போய்விடும். பிறகு நீரில் அலசி, கிளிசரின் உள்ள சிறு குப்பியில் போட்டு, வண்டைக் குத்தி வைத்திருக்கும் அதே ஊசியிலேயே மாட்டுங்கள். தனியே வைத்த குப்பி ஒருநாள் எந்த வண்டுடையது என்றே தெரியாமல் போகும்.

படி 4: பெயரை எழுதுவது

இனப்பெயருக்குப் பின்னால், அதை முதலில் விவரித்தவர் பெயரும் ஆண்டும் வரும்: பீடரஸ் ஃபுஸ்கிபெஸ் கர்ட்டிஸ், 1826. ஜான் கர்ட்டிஸ் இதை முதலிலேயே பீடரஸில்தான் வைத்தார். ஆகவே அவர் பெயருக்கு அடைப்புக்குறி கிடையாது. இதன் உறவினமான பீடரஸ் ரிபாரியஸை லின்னேயஸ் 1758இல் ஸ்டாஃபிலினஸ் என்ற பேரினத்தில் வைத்திருந்தார். பின்னால் அது இடம் மாறியதால் (லின்னேயஸ், 1758) என்று அடைப்புக்குறிக்குள் வரும். அழகுக்குப் போட்ட குறி என்று நினைத்துச் சேர்ப்பதும் நீக்குவதும் பெயரின் வரலாற்றையே மாற்றிவிடும்.

படி 5: பரவல்

பிரிட்டனிலிருந்து ஐரோப்பா, நடு ஆசியா வழியாக சீனா, ஜப்பான். தெற்கே இந்தியா, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா வரை இந்த இனம் பதிவாகியிருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் 'நைரோபி ஈ' வேறு. அது பீடரஸ் சபேயஸ், பீடரஸ் எக்சிமியஸ் ஆகியவற்றுக்கு வழங்கும் பெயர். செய்திகளில் ஆசிய வண்டையும் அப்படி அழைப்பதால், பொதுப்பெயரை மட்டும் வைத்து எந்தப் புள்ளியையும் சேர்க்காதீர்கள்.

ஜிபிஐஎஃப் (உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டும் தளம்) போன்ற தரவுத்தளத்தில் இறக்கிய பட்டியலை அப்படியே வரைபடத்தில் கொட்டக் கூடாது. முதலில் 0,0 என்ற ஆயங்களை (அட்ச, தீர்க்க எண்களை) நீக்குங்கள். அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள்: 11 வடக்கு, 78 கிழக்கு என்பது தலைகீழானால் வண்டு வடதுருவத்தை ஒட்டிய கடலில் போய் நிற்கும். நாட்டின் நட்டநடுவே பல பதிவுகள் ஒரே புள்ளியில் குவிந்திருந்தால், அவை ஊர் தெரியாமல் நாட்டின் பெயருக்கு மட்டும் கொடுத்த ஆயங்களாக இருக்கலாம். நீங்கள் பதியும்போது நான்கு தசம இலக்கம் எழுதுங்கள், துல்லியம் சுமார் 11 மீட்டர். ஒரே இலக்கம் என்றால் 11 கிலோமீட்டர்.

கடைசியாக ஒன்று. இந்த வண்டு ஈரமான வயல்களில், குறிப்பாக நெல் வயல்களில், சிறு பூச்சிகளை வேட்டையாடி வாழ்வது. இரவில் விளக்கைத் தேடிப் பறந்து வரும். விளக்கடியில் கிடைத்த புள்ளி, அது பறந்து வந்து சேர்ந்த இடத்தைத்தான் காட்டும், வாழும் இடத்தை அல்ல. எனவே சீட்டில் 'விளக்கில்' அல்லது 'வயலில், மண்மேல்' என்று பிடித்த முறையையும் எழுதி, இரண்டையும் வரைபடத்தில் வெவ்வேறு குறிகளாகப் போடுங்கள்.