சுருள்வாளுக்கு எத்தனை முகப் பகடை?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நாலு பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவார்கள்; ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிச் சண்டை போடும் கதை ஆட்டம். ஆட்டத்தை நடத்துவது நான். இரண்டு வருஷம் முன்னால் ஒருவன் தன் பாத்திரத்துக்குச் சுருள்வாள் கேட்டான். ஆசையாகக் கொடுத்தேன்: பத்தடி எட்டும், அடிபட்டவனுக்கு எவ்வளவு சேதம் என்று சொல்லப் பத்துமுகப் பகடை. மூன்றே வாரத்தில் மற்ற மூவரும், "மச்சான், எங்களுக்கும் அதையே கொடுடா" என்று வந்து நின்றார்கள்.

தப்பு என்னுடையது. ஆயுதம் தரும் பலனை எழுதிவிட்டு, அது கேட்கும் விலையை எழுதாமல் விட்டிருந்தேன். இப்போதெல்லாம் புது ஆயுதம் சேர்க்கும்போது பகடையைக் கடைசியில்தான் முடிவு செய்கிறேன். முதலில் பார்ப்பது அதைக் கை எப்படிப் பிடிக்கிறது, எதிரில் நின்றவன் உடம்பில் என்ன போட்டிருந்தான் என்பதை.

சுருள்வாளையே எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் இதை உருமி என்பார்கள். அங்கத்துத் தற்காப்புக் கலையான களரியில் கடைசியாகத்தான் கையில் கொடுப்பார்கள். தகடு வளையும், சுழற்சி தொய்ந்தால் வீசியவன் மேலேயே திரும்பும். அதனால் பத்தடி எட்டுவதை விட்டுவைத்தேன், பகடையை ஆறுமுகமாகக் குறைத்தேன். தாக்குதல் பட்டதா என்று பார்க்க உருட்டும் இருபதுமுகப் பகடையில் 1 விழுந்தால் வெட்டு தனக்கே. ஐந்தடிக்குள் கூட்டாளி நின்றால் டிஸ்அட்வான்டேஜ், அதாவது பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுக்க வேண்டும். குறுகலான சுரங்கத்தில் வீசவே முடியாது. பதிலுக்கு ஒரு சலுகை: இடுப்பில் பெல்ட் மாதிரி சுற்றிக்கொள்ளலாம், சோதனை போடும் காவலன் கண்ணில் எளிதில் படாது. நண்பன் அதை இன்னும் விடவில்லை. ஆனால் குகை வாசலில் சுற்றி முடிந்துவிட்டுக் குத்துவாளை உருவுகிறான்.

கட்டாரிக்கு விதி எழுதுமுன் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் நின்று பாருங்கள். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவை அங்கே இருக்கின்றன. பிடி ஒரு குட்டி ஏணி மாதிரி. இரண்டு கம்பிகள் முன்கையை ஒட்டிப் பின்னோக்கி ஓடும். நடுவில் குறுக்குக் கம்பி, அதை முஷ்டி பற்றும். அலகு விரல் முட்டிக்கு நேர் முன்னால் நீளும். கண்ணாடிக்கு வெளியே நின்று கையை அப்படி மூடி ஒரு குத்து விட்டுப் பார்த்தேன், விதி தானாகவே வந்துவிட்டது. மணிக்கட்டைச் சுழற்றி வெட்டுவது கஷ்டம்; நேராகக் குத்தினால் தோளின் பலமே இறங்கும். பல கட்டாரிகளில் நுனி தடித்திருப்பது சங்கிலிக் கவசத்தின் வளையங்களைப் பிளக்கத்தான். எனவே ஆறுமுகப் பகடை, குத்துச் சேதம் மட்டும், சங்கிலிக் கவசக்காரன் மேல் தாக்குதலுக்குக் கூடுதலாக 1. எறிய முடியாது.

எடை பற்றி ஒரே வார்த்தை: ஒற்றைக்கை வாள் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். பத்துக் கிலோ வாளெல்லாம் வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபால்க்ஸ். இன்றைய ருமேனியாவில் வாழ்ந்த டாசியர்களின் ஆயுதம். நம்ம ஊர் அரிவாள் போல உட்பக்கம் வளைந்து, உட்பக்கமே கூர். நீளமான வகைக்கு இரண்டு கையும் வேண்டும். வளைந்த நுனி கேடயத்தின் விளிம்பைத் தாண்டித் தலையிலும் கையிலும் இறங்கும். ரோமப் பேரரசர் டிராஜன் காலத்துப் போர்களில் (கி.பி. 101–102, 105–106) ரோமானியர்கள் தலைக்கவசத்தின் மேல் இரும்புப் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்துக்கொண்டார்கள். வாள் பிடித்த கையில் தகடு தகடாகக் கவசம் மாட்டிக்கொண்டதை ருமேனியாவில் உள்ள ஆடம்கிளிசி நினைவுச்சின்னத்துச் சிற்பங்களில் பார்க்கலாம்.

அதை அப்படியே ஆட்டத்துக்குக் கொண்டுவந்தேன். பத்துமுகப் பகடை, இருகை ஆயுதம், எதிரியின் கேடயம் அவன் தற்காப்பு எண்ணில் கூட்டும் 2-ல் 1 கழியும். ஃபால்க்ஸ் பிடித்தவன் ஒரே படையோடு மூன்று சண்டை ஜெயித்தபின், நாலாவது சண்டைக்கு வரும் வீரர்களின் தலைக்கவசத்தில் புதுப் பட்டை மின்னுவதை நான் வர்ணிப்பேன். அன்றிலிருந்து அந்தப் படையிடம் அந்த 1 கழியாது. போன மாதம் அதைக் கேட்டதும் நாலு பேரும் பகடையைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பட்டையை அடித்துக்கொடுத்த பட்டறை எந்த ஊரில் இருக்கிறது என்று வரைபடத்தை விரித்துத் தேட ஆரம்பித்தார்கள்.