குமரி எல்லையோர ஊரின் வரலாறு எழுத

எல்லை ஊரான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் நவம்பர் 1 கேரளம் பிறந்த நாள். இந்தப் பக்கம் அதே நாள் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த நாள். 1956-இல் போட்ட ஒரே கோட்டுக்கு இரண்டு பெருமை. விளவங்கோடு தாலுகாவிலோ கல்குளம் தாலுகாவிலோ ஓர் ஊரின் வரலாற்றை எழுதுகிறவர் இரண்டையும் முன்னால் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

முதலில் காலக்கோடு. 1949 ஜூன் 30 வரை திருவிதாங்கூர், 1956 அக்டோபர் 31 வரை திருவிதாங்கூர்-கொச்சி, பிறகு சென்னை மாநிலம், 1969 முதல் தமிழ்நாடு. எந்த நிகழ்வையும் அன்றைய அரசின் பெயரோடு எழுதுங்கள். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றது மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர். ‘கேரளம் வென்றது’, ‘தமிழ்நாடு வென்றது’ என்று எழுதினால் அன்றைக்கு இல்லாத எல்லையை அங்கே கொண்டுபோய் நட்டதாகிவிடும். அதிகம் நடக்கிற பிழை இதுதான்.

அடுத்து, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய ஆதாரங்கள். பல மலையாள எழுத்தில் இருக்கும். வாசிக்கத் தெரிந்தவரிடம் சுருக்கம் கேட்காமல் வரிவரியாகப் படிக்கச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். ‘பகுதி’ என்று வந்தால் நிலத்தின் ஒரு பாகம் என்று நினைத்துவிடக் கூடாது. அது வருவாய்க் கிராமம். சக்கரம் என்பது அன்றைய நாணயம்; 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். தேதி கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டில், இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக்க, சிங்கம் (ஆவணி) முதல் டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) முடிய 825. 1132 துலாம் (ஐப்பசி) என்றால் 1956. 1132 மேடம் (சித்திரை) என்றால் 1957. வழுக்குகிற இடம் தனு (மார்கழி) மாதம். 15-ஆம் தேதி வரை 824, 20 தாண்டினால் 825; இடையில் வந்தால் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்தே தீர வேண்டும்.

பெரியவர்களிடம் பேசுவதைத் தள்ளிப்போடாதீர்கள். 1954-இல் பத்து வயதானவருக்கு இன்று எண்பது கடந்துவிட்டது. எடுத்த எடுப்பில், தமிழகத்தோடு சேர நடந்த போராட்டத்தைப் பற்றிக் கேட்டால் மேடையில் கேட்டதையே திருப்பிச் சொல்வார்கள். பள்ளியில் எந்த மொழி, வழக்குக்கு எந்தக் கோர்ட், பெண் கொடுத்தது எந்த ஊருக்கு என்று தொடங்குங்கள். மற்றது தானாக வரும். அந்தப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டை எழுதும்போது மார்த்தாண்டம், புதுக்கடை இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். இறந்தவர் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது; எந்த நூலிலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

கிடைக்காமல் போனதும் வரலாறுதான். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு இந்த மாவட்டமாயின. செங்கோட்டையின் பெரும்பகுதி நெல்லைக்குப் போனது. போராடியவர்கள் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் கேரளத்திலேயே நின்றுவிட்டன. எல்லைக்கு அப்பால், பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றையாவது கேட்காமல் எழுதினால் பாதி வரலாறுதான்.

பத்மநாபபுரம் அரண்மனை வரும் இடத்தில் ‘நம்முடையது’, ‘அவர்களுடையது’ என்ற சொற்கள் வேண்டாம். நிலம் தமிழ்நாடு, பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறை. நவராத்திரிக்கு அந்த அரண்மனையின் தேவாரக்கெட்டு சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறார்கள். களியக்காவிளையில் வரவேற்பு நடக்கும் இடத்துக்கு நேரில் போய், யார் வழியனுப்புகிறார்கள், யார் எதிர்கொள்கிறார்கள் என்று பார்த்து அப்படியே எழுதுங்கள்.