தாடை வலிக்கு வீட்டுப் பயிற்சி: நாக்கிலிருந்து தொடங்குங்கள்

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் நகர்கிறதே, அதுதான் தாடை மூட்டு. வாயைத் திறக்கத் தொடங்கும்போது அது சுழலும். இன்னும் அகலமாகத் திறந்தால் முன்பக்கமாக வழுக்கி இறங்கும். ஆனால் வலி பல பேருக்கு மூட்டைவிடக் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் உள்ள மெல்லும் தசைகளில்தான் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான். காலையில் கன்னம் இறுகிக் கிடக்கும், மத்தியானம் காதுவலி மாதிரித் தோன்றும். காதில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு பல் டாக்டர் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். அங்கே கற்றதுதான் இங்கே எழுதுவது.

சொத்தைப்பல் வலியா என்பதை முதலில் பல் டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். வீக்கமும் காய்ச்சலும் இருந்தால், அடிபட்டிருந்தால், வாய் பூட்டிக்கொண்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம். மார்பு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறலோடு தாடை வலித்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி வந்து, மெல்லும்போது தாடை வலித்து, பார்வையும் மங்கினால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

முதல் படி, நாக்கை வைக்கும் இடம். எனக்கு அதிக நாள் எடுத்தது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சும்மா இருக்கும்போது உதடுகள் மூடியிருக்க வேண்டும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது, நாக்கு மேலண்ணத்தில் லேசாக ஒட்டியிருக்க வேண்டும். எந்த இடத்தில்? "மன்னன்" என்று சொல்லி, நடுவில் வரும் "ன்"னில் நிறுத்துங்கள். நுனிநாக்கு முன்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் நிற்கும். அதுதான் இடம். "பந்து" என்றால் நாக்கு பல்லைத் தொடும், அது வேண்டாம். "கண்" என்றால் நாக்கு மடங்கிப் பின்னால் போகும், அதுவும் வேண்டாம். நாக்கை அழுத்தாதீர்கள், மூக்கால் மூச்சு விடுங்கள். இப்படி வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பது கஷ்டம், அதுதான் இதன் பயன்.

பயிற்சியை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டு, மீதி நேரமெல்லாம் லேப்டாப் முன்னால் பல்லை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் பலன் இருக்காது. திரையின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். கண்ணில் படும்போதெல்லாம் பல் தொடுகிறதா என்று பாருங்கள், தோளையும் இறக்கி விடுங்கள். எனக்கு மொபைல் ஆப்பைவிட இந்தப் பொட்டுதான் சரிப்பட்டது.

இரண்டாவது, திறந்து மூடுவது. நாக்கு "ன்" இடத்தை விடாமல் வாயை மெதுவாகத் திறக்க வேண்டும். நாக்கு பிரியப் போகிறது என்று தெரிந்ததும் நிறுத்துங்கள். அவ்வளவுதான் திறக்க வேண்டும். கண்ணாடியில் நட்டநடுவே ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு, கீழ்ப்பற்களின் நடு இடைவெளி அந்தக் கோட்டிலேயே இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் வேகத்தைக் குறையுங்கள். சிலி நாட்டு பிசியோதெரபிஸ்ட் மரியானோ ரோகபாடோவின் பெயரில் வழங்கும் முறையில் 6 பயிற்சிகள், ஒவ்வொன்றும் 6 தடவை, ஒரு நாளைக்கு 6 வேளை. நாக்கு வைப்பதும் இதுவும் அதில் அடக்கம்.

மூன்றாவது, நாக்கை அதே இடத்தில் வைத்துக்கொண்டு மோவாயை விரலால் இடமும் வலமும் மெல்லத் தள்ளுவது. தாடை அசையாமல் எதிர்த்து நிற்க வேண்டும். பலம் காட்டாதீர்கள், இரண்டு விரல் போதும்.

அப்புறம் கழுத்து. தலை முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் தாடைத் தசைகளும் இறுகும். மோவாயைத் தூக்காமல், தலையை நேர் பின்னால் இழுத்து, சில நொடி நிறுத்தி விடுங்கள்.

ஒத்தடத்துக்கு மின்சாரப் பையைவிட, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டுதான் எனக்குப் பிடிக்கும். ஈரச்சூடு கன்னத்தில் நன்றாகப் படியும். 15 நிமிடம் போதும். தோல் பொறுக்கும் சூடா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தாடையை வலுவாக்கும் என்று விற்கும் ரப்பர் உருண்டைகளை வாங்காதீர்கள், ஏற்கெனவே அதிகம் உழைத்த தசைக்கு அது இன்னும் வேலை வைக்கும். இரவில் பல்லைக் கடிப்பவர்கள், தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் உறையை (நைட் கார்டு) பல் டாக்டரிடம் அளவெடுத்துச் செய்துகொள்வது நல்லது.

வலி தணியும்வரை முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, சூயிங்கம் வேண்டாம். இட்லி, குழைந்த சாதம், கீரைக்கூட்டு என்று சாப்பிடுங்கள். கொட்டாவி வரும்போதும் நாக்கை "ன்"னில் வையுங்கள், வாய் அளவுக்கு மீறித் திறக்காது.

பிற்சேர்க்கை: வாயைத் திறக்கும்போது தாடை மூட்டில் கேட்கும் 'டக்' சத்தம் நிற்கவில்லையே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். வலியும் இல்லை, வாயும் நன்றாகத் திறக்கிறது என்றால் சத்தத்துக்கு மட்டும் சிகிச்சை தேவைப்படுவதில்லை. இன்னொருவர், வலியே இல்லாமல் வாய் மட்டும் நாளுக்கு நாள் குறைவாகத் திறக்கிறது, காரம் பட்டால் எரிகிறது என்று எழுதியிருந்தார். பாக்கு, பான்மசாலா பழக்கம் உள்ளவர்களுக்கு இப்படி வந்தால் அது தாடை மூட்டுப் பிரச்சினை என்று இருந்துவிடாதீர்கள். வாயின் உட்தோல் இறுகி நார்போல ஆகும் நோய் அது, புற்றுநோயாக மாறவும் வாய்ப்புண்டு. உங்கள் விரல்கள் மூன்றைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் பாக்கை இன்றே நிறுத்திவிட்டு பல் மருத்துவமனையில் காட்டுங்கள்.