பழைய எம்டிபி (மலைப்பாதை) சைக்கிளுக்கு எந்தச் செயின் பொருந்தும்?

"21 கியர் சைக்கிள், ஒரு செயின் கொடுங்க" என்று கடையில் கேட்டால் போதாது. 21 என்பது முன்னால் உள்ள 3 பல்சக்கரங்களையும் பின்னால் உள்ள 7-ஐயும் பெருக்கி வந்த எண். செயின் வாங்க முக்கியமாகத் தெரிய வேண்டியது, பின்னால் எத்தனை என்பதுதான்.

1. பின்னால் எண்ணுங்கள்

அழுக்கைத் துடைத்துவிட்டு நீங்களே எண்ணுங்கள். பழைய வண்டியில் பாகங்களை யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால், ஃபிரேமில் உள்ள ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். 6, 7, 8 எதுவாக இருந்தாலும் ஒரே வகைச் செயின்தான். ஷிமானோ எச்ஜி40, கேஎம்சி இசட்8 எல்லாம் இந்த வகை. இதன் வெளி அகலம் சுமார் 7.1 மி.மீ. 9 என்றால் 6.6 மி.மீ., 10 என்றால் 6 மி.மீ. அளவுக்கு மெலிந்துவிடும். பின்னால் பல்சக்கரம் கூடக்கூட நடுவில் இடம் குறைகிறது, அங்கே தடித்த செயினைப் போட்டால் பக்கத்துச் சக்கரத்தில் உரசும்.

பெட்டியில் 1/2 × 3/32 என்று இருக்கிறதா பாருங்கள். 1/2 × 1/8 என்றிருந்தால் அது கியர் இல்லாத சாதா சைக்கிளுக்கானது. இரண்டிலும் கண்ணி நீளம் அரை அங்குலம்தான் என்பதால் பல்லில் அழகாக உட்கார்ந்துவிடும். ஏமாறுவது இங்கேதான்.

2. தேய்மானத்தை அளந்து பாருங்கள்

பலரும் விட்டுவிடுகிற வேலை இது, என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். பழைய செயினைக் கழற்றும் முன், அது இழுவையில் இருக்கும்போதே ஸ்டீல் ஸ்கேலை வையுங்கள். ஸ்கேலின் பூஜ்யம் ஒரு பின்னின் (கண்ணிகளைக் கோக்கும் சிறு ஆணி) நடுவில் இருக்கட்டும். 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக வந்தால் செயின் நன்றாக இருக்கிறது. அந்தப் பின் 1/16 அங்குலம், அதாவது ஒன்றரை மி.மீ. தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 அங்குலம் தள்ளியிருந்தால் பின்பக்கப் பல்சக்கரங்களும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். அதன்மேல் புதுச் செயினைப் போட்டால், மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது பல்லை விட்டு எகிறும். கால் சறுக்கி விழ வாய்ப்புண்டு. அந்த நிலையில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

3. ஃப்ரீவீலா, கேசட்டா?

பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி இந்த இரண்டு வகையில் வரும். அதையும் வாங்குவதாக இருந்தால் உங்களுடையது எது என்று தெரிய வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, பற்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் டூல் மாட்டும் வரிப்பள்ளமும் கூடவே சுற்றினால் கேசட். அது அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஏறாது.

4. நீளம்

பல்சக்கர அளவு மாறவில்லை என்றால் பழைய செயினின் கண்ணிகளை எண்ணி, அதே எண்ணிக்கைக்குப் புதியதை வெட்டுங்கள். பழையது நீண்டிருக்கும், அதனால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வெட்ட வேண்டாம். அளவு மாறியிருந்தால், டிரெயிலருக்குள் (derailleur, கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பின்பக்கக் கருவி) விடாமல் முன்னால் பெரியது, பின்னால் பெரியது இரண்டையும் சுற்றிப் பிடியுங்கள். முனைகள் சேரும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி, அதாவது ஓர் அங்குலம் விட்டு வெட்டுங்கள். பின்பக்கம் ஷாக் உள்ள வண்டிக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. ஷாக் அமுங்கும்போது செயினுக்கு நீளம் கூடத் தேவைப்படும்.

5. மாட்டிய பிறகு

க்விக் லிங்க்கும் (செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணி) அதே கியர் எண்ணிக்கைக்கானதாக இருக்கட்டும். அப்புறம் பெடலைப் பின்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். டிரெயிலரைக் கடக்கும்போது ஏதாவது கண்ணி துள்ளினால் அங்கே பின் இறுகியிருக்கிறது. அந்த இடத்தைக் கையால் பக்கவாட்டில் லேசாக வளைத்துத் தளர்த்துங்கள்.