கதை எழுதுவோருக்கான சாதகம்

கர்நாடக இசை கற்கத் தொடங்குபவர் முதலில் பாடுவது மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை. அதன்பின் ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம் என்று சாதகத்தில், அதாவது பாடிப் பழகும் பயிற்சியில், மாதங்கள் போகும். கச்சேரி மேடையில் சரளி வரிசையைக் கேட்க எவரும் சீட்டு வாங்குவதில்லை, என்றாலும் அதைத் தாண்டி வராத குரலை ரசிகர்கள் இரண்டே நிமிடத்தில் கண்டுகொள்வார்கள். கதை எழுதுவதில் மட்டும் நாம் நேராகக் கீர்த்தனையில் தொடங்கிவிடுகிறோம். பத்துக் கதைகள் எழுதிய பிறகும் நம் உரையாடல் ஏன் உயிரற்றுக் கிடக்கிறது என்று புரியாமல், பதினோராவது கதையையும் அதே உரையாடலோடு எழுதுகிறோம். முழுக்கதை ஒன்றில் களம், பாத்திரம், காலம், மொழி, முடிவு ஆகிய அனைத்தையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியிருப்பதால், பழுது எங்கே இருக்கிறது என்பது எழுதுபவருக்கே தெரிவதில்லை. அவற்றுள் ஒன்றை மட்டும் தனியே பிரித்தெடுத்து, கைக்கு வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யவைப்பதே பயிற்சியின் வேலை.

'மழை பெய்யும் இரவில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், தொடர்ந்து எழுதுக' என்பது போன்ற தூண்டுதல் வரிகளை நான் பயிற்சியாகக் கருதுவதில்லை. புதிதாக எழுதுபவரிடம் கற்பனைக்குப் பஞ்சம் இருப்பது அரிது. கதவைத் தட்டியவர் பேயா, காதலனா, கடன்காரனா என்று அவர் நொடியில் சொல்லிவிடுவார். அவருக்குக் கடினமாக இருப்பது கதவைத் திறக்கும் ஐந்து வாக்கியங்களை எழுதுவது. ஆகவே நல்ல பயிற்சிக்கு ஒரே ஒரு விதி இருக்க வேண்டும். அந்த விதி காக்கப்பட்டதா, மீறப்பட்டதா என்பதை எழுதி முடித்தவுடன் வரியின்மேல் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். 'உணர்ச்சியோடு எழுதுக' என்பது விதி ஆகாது. 'உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல் எழுதுக' என்பது விதி.

ஏற்பாடுகள் எளியவை. பயிற்சிக்கென்று தனி நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, பக்கத்தின் மேலே தேதியையும் அன்றைய விதியையும் எழுதிவிட்டு, இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளலாம். நூற்றைம்பது முதல் இருநூறு சொற்கள் போதும். ஒரே விதியை ஒரு வாரம் முழுவதும் செய்வது, ஏழு நாளில் ஏழு விதிகளைத் தொட்டுப் பார்ப்பதைவிட மிகுந்த பயன் தரும்.

உணர்ச்சியின் பெயரைத் தவிர்க்கும் பயிற்சிக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலே நல்ல துணை. நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என்று எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்லும் அந்நூல், ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிலிருந்து பிறப்பதாக மொத்தம் முப்பத்திரண்டைப் பட்டியலிடுகிறது. அழுகை பிறப்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கிலிருந்து. அச்சம் பிறப்பது அணங்கு (அச்சுறுத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன் போன்ற மேலோர்) ஆகிய நான்கிலிருந்து. எழுதுபவருக்கு இந்தப் பகுப்பு ஏன் உதவுகிறது என்றால், 'துயரம்' என்ற பொதுச்சொல்லை அது ஏற்பதில்லை. பிறர் இகழ்ந்ததால் அழுகிறவளும், ஒன்றை இழந்ததால் அழுகிறவளும், முன்பிருந்த நிலை குலைந்து போனதால் அழுகிறவளும், இல்லாமையால் அழுகிறவளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. முப்பத்திரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அந்த உணர்ச்சியையோ அதன் காரணத்தையோ பெயர் சொல்லிக் குறிக்காமல், செயலையும் பொருளையும் பேச்சையும் மட்டும் கொண்டு ஒரு பத்தி எழுதுங்கள்.

எடுத்துக்காட்டாக, 'மகன் வேலையை விட்டுவிட்டான் என்று கேட்டதும் அப்பா மிகுந்த வேதனையும் கோபமும் அடைந்தார்' என்று முதலில் எழுதியிருந்தால், விதியின்படி அது இப்படி மாறக்கூடும்: 'அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு அதையே எடுத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். "கடையைச் சாத்தியிருப்பானா?" என்று அம்மாவிடம் கேட்டார். அப்போது மணி நான்குகூட ஆகியிருக்கவில்லை.' இரண்டாவது வடிவம் மகத்தான உரைநடை அல்ல. ஆனால் வாசகர் செய்ய வேண்டிய வேலை ஒன்று அதில் மிச்சமிருக்கிறது. எழுதி முடித்ததும் வேறொருவரிடம் கொடுத்து, எட்டில் எது என்று மட்டும் கேட்டால் போதும். அவர் சொல்வது தவறாக இருந்தால் விளக்கம் சொல்லாமல் மறுபடி எழுத வேண்டும்.

அடுத்தது பார்வைக் கோணம். இதற்கு நான் அறிந்த சிறந்த பயிற்சி, காதலைப் பாடும் சங்க அகப்பாடல்களின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பாட்டும் யாரோ ஒருவரின் கூற்று. தலைவி தோழிக்குச் சொல்வாள், தோழி தலைவனுக்குச் சொல்வாள், வளர்ப்புத் தாயான செவிலி வழியில் எதிர்ப்பட்டவர்களைக் கேட்பாள். ஆசிரியர் குறுக்கே வந்து பேசுவதில்லை. அகத்திணையில் காதலர்களின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்பதும் மரபு. தலைவி வீட்டாருக்குத் தெரியாமல் தலைவனோடு போய்விடும் உடன்போக்கு என்ற ஒரே நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டால், பெற்ற தாயான நற்றாயும், வளர்த்த செவிலியும், எல்லாம் அறிந்தே அனுப்பிவைத்த தோழியும், பாலை வழியில் அந்த இருவரையும் பார்த்துவிட்டுக் கடந்துபோன கண்டோரும் தனித்தனியே பேசுகிறார்கள். நிகழ்ச்சி ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொருவரும் அறிந்தது வேறு.

இதை இன்றைக்குக் கொண்டுவருவது எளிது. ஒரு பெண் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, விரும்பியவனோடு வெளியூர்ப் பேருந்தில் ஏறிவிடுகிறாள். இதை அம்மா, சிறுவயதில் அவளைத் தூக்கி வளர்த்த எதிர்வீட்டு அத்தை, கூட வேலை செய்யும் தோழி, பேருந்தின் நடத்துநர் ஆகிய நால்வரின் வாயால் ஆளுக்கு நூற்றைம்பது சொற்களில் எழுதுங்கள். பழைய பாடல்களின் கீழே கூற்றுக் குறிப்பு இருப்பதைப் போல, 'அம்மா தன் தங்கையிடம் சொன்னது', 'தோழி காவல் நிலையத்தில் சொன்னது' என்று யார், யாரிடம் என்பதை மேலே எழுதிவிட வேண்டும். பெயர்கள் வரக்கூடாது. பேசுபவர் அறிய வாய்ப்பில்லாத ஒரு செய்திகூட உள்ளே நுழையக்கூடாது. இதுதான் விதி, மற்றவை எல்லாம் அதற்கான ஏற்பாடு.

செய்து பார்த்தால் முதல் மூன்றும் ஓரளவு எளிதாக வந்துவிடும். நடத்துநரிடம்தான் பேனா நின்றுவிடும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு பயணச்சீட்டு, பணத்தை எடுத்தது யார், சில்லறை பாக்கியைக் கேட்டார்களா, சன்னலோரம் உட்கார்ந்தவள் வெளியே பார்த்தாளா என்பவை மட்டுமே. அவளுடைய காதலும் அம்மாவின் கண்ணீரும் அவருக்குத் தெரியாது. அன்றைய வசூல் கணக்கும் டீ குடிக்க வண்டி நிற்கும் இடமும்தான் அவர் கவலை. அப்படியிருந்தும் நான்கில் நடத்துநர் கூற்றே பெரும்பாலும் நன்றாக அமைகிறது என்பது என் அனுபவம். தான் அறிந்த அனைத்தையும் பாத்திரங்கள் அனைவரும் அறிந்திருப்பதாக எழுதிவிடுவது தொடக்கநிலைக் கதைகளில் அடிக்கடி காணும் குறை. அந்தக் குறைக்கு நடத்துநர் இடம் கொடுப்பதில்லை. இப்பயிற்சிக்கு ஒரு வாரம் போதாது, இரண்டு வாரம் கொடுக்கலாம்.

தமிழில் எழுதுபவருக்கு மொழியின் இலக்கணமே தரும் பயிற்சிகள் சில உண்டு. நம் வினைமுற்று ஆண், பெண் என்ற பாலையும் மதிப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. 'மாமா வந்தார்' என்று எழுதும்போதே கதைசொல்லி அவருக்கு எந்த இடத்தில் நிற்கிறான் என்பது தெரிந்துவிடுகிறது. சிறுவன் ஒருவனின் பார்வையில், படர்க்கையில் ஒரு பக்கம் எழுதுங்கள். தொடக்கத்தில் மாமா 'வந்தார், சிரித்தார், மிட்டாய் கொடுத்தார்'. பக்கத்தின் நடுவில் ஏதோ நடக்கிறது. அதன்பின் மாமா 'போனான்'. நடந்தது என்ன என்பதைப் பற்றி ஒரு சொல்கூட எழுதக்கூடாது. மாற்றம் எந்த வாக்கியத்தில் நிகழ வேண்டும் என்று தேடி அலைவதே இதில் கிடைக்கும் கல்வி.

இன்னொன்று 'நாங்கள்', 'நாம்' என்ற வேறுபாடு. கேட்பவரை உள்ளே சேர்ப்பதா, வெளியே நிறுத்துவதா என்பதை ஒரே சொல்லில் முடிவுசெய்யும் வசதி எல்லா மொழிகளுக்கும் வாய்த்ததல்ல. இவ்விரண்டில் ஒன்று மற்றொன்றாக மாறுவது மட்டுமே நிகழ்ச்சியாக அமையும் காட்சி ஒன்றை எழுதிப் பாருங்கள். மணமாகிப் போன மகள் முதல்முறை பிறந்த வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காருகிறாள். "எங்க வீட்டுல இவ்வளவு புளி ஊத்தமாட்டோம்மா" என்கிறாள். அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டு மோரை எடுத்து வைக்கிறாள். காட்சி அவ்வளவுதான். 'எங்க' என்ற சொல்லின் மேல் ஆசிரியர் வெளிச்சம் போடக்கூடாது. 'அந்தச் சொல் அம்மாவைத் தைத்தது' என்று எழுதினால் விதி மீறப்பட்டது.

கால ஓட்டத்துக்கான பயிற்சியை மறுபடியும் சரளி வரிசையிடமிருந்தே பெறலாம். அதை மூன்று காலங்களில், அதாவது மூன்று வேகங்களில், பாடும்போது தாளம் மாறுவதில்லை. தாளத்தின் ஓர் எண்ணிக்கையான அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம் என்பது இரண்டாகி, பிறகு நான்காகிறது. அதுபோல நூறு சொற்கள் என்ற அளவை மாற்றாமல், முதலில் ஒரு நிமிடத்தையும், அடுத்து ஒரு நாளையும், கடைசியாகப் பத்து ஆண்டுகளையும் அந்த நூறு சொற்களுக்குள் எழுத வேண்டும். மூன்றிலும் ஒரே ஆளும் ஒரே இடமும் இருக்கட்டும். ஒரு நிமிடத்தை எழுதும்போது நூறு சொற்கள் நீளமாகத் தோன்றும், பத்து ஆண்டுகளை எழுதும்போது மூச்சு முட்டும். பத்து ஆண்டுப் பத்தியில் வினையெச்சங்களை அடுக்கி, 'படித்து, வேலைக்குப் போய், கடன் வாங்கி, வீடு கட்டி' என்று ஒரே வாக்கியத்தில் கொண்டுபோகும் வசதி தமிழில் இருப்பதையும், அதே வசதி ஒரு நிமிடப் பத்தியைக் கெடுத்துவிடுவதையும் அப்போது நேரில் காணலாம்.

பேச்சைக் கேட்டு எழுதும் பயிற்சி பலரும் அறிந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். டீக்கடையிலோ ரேஷன் கடை வரிசையிலோ காதில் விழுந்த ஐந்து நிமிடப் பேச்சை, வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதுங்கள். பின்னர் அதைப் பாதியாக வெட்டுங்கள். கேட்டபடியே எழுதிய பேச்சு கதையில் நிற்காது என்பதும், வெட்டிய பிறகு பெரும்பாலும் மிஞ்சுவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத வரிகளே என்பதும் தெரியவரும்.

எழுத்தாளர் ஒவ்வொருவருக்கும் ஊன்றுகோல் சொற்கள் உண்டு. தன்னுடைய பழைய கதைகள் மூன்றை எடுத்து வாய்விட்டுப் படித்துக்கொண்டே, திரும்பத் திரும்ப வருவனவற்றை அடிக்கோடிட்டால் அவை அகப்பட்டுவிடும். பலருக்கும் 'ஒரு', 'திடீரென்று', 'போல' ஆகியவை அகப்படும். எனக்கு 'கொண்டிருந்தான்' அகப்பட்டது. நின்றுகொண்டிருந்தான், பார்த்துக்கொண்டிருந்தான், யோசித்துக்கொண்டிருந்தான் என்று என் பாத்திரங்கள் எதையும் செய்து முடிக்காமலே பல ஆண்டுகள் காலம் கடத்தியிருக்கிறார்கள். அகப்பட்ட சொல்லை ஒரு மாதத்துக்குத் தடைசெய்ய வேண்டும். தடை கடுமையாகத் தோன்றினால் நிரோட்டகத்தை நினைத்துக்கொள்ளலாம். 17ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர், திருச்செந்தூர் முருகன்மீது உதடு ஒட்டாத, குவியாத எழுத்துகளால் மட்டுமே ஓர் அந்தாதி பாடினார். அந்த விதிப்படி 'அம்மா', 'அப்பா', 'வீடு', 'மழை', 'பசி' ஆகிய எதுவும் வர இயலாது. உரைநடையில் அத்தனை கடுமை எனக்கு வேண்டாததாகவே தோன்றுகிறது, ஏனெனில் விதி அந்த அளவுக்கு இறுகினால் வித்தை மிஞ்சும், பாத்திரம் காணாமல் போகும். ஆனாலும் மூன்று சொற்களை இழப்பதற்கு அழ வேண்டியதில்லை என்பதை அது காட்டுகிறது.

விரும்பிப் படிக்கும் எழுத்தாளர் ஒருவரின் பத்தியைக் கையால் படியெடுத்து, ஒரு வாரம் கழித்து நூலைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதி, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. நினைவு தவறிய இடங்களிலெல்லாம் நம்முடைய பழக்கங்களே வந்து உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் அவர் பெயர்ச்சொல் வைத்த இடத்தில் நாம் ஓர் அடைமொழியையும் சேர்த்திருப்போம்.

எழுதிய பக்கங்களை அன்றே திருத்தக் கூடாது. மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஒதுக்கி, நோட்டை முதலிலிருந்து படித்து, விதி மீறப்பட்ட இடங்களில் மட்டும் ஓரத்தில் குறியிட்டால் போதும். நன்றாக இருக்கிறது, இல்லை என்ற தீர்ப்பு அங்கே வேண்டியதில்லை. குறிகள் குறைந்துவிட்ட விதியைக் கைவிட்டு அடுத்ததற்குப் போகலாம். சில வேளைகளில் அலாரம் அடித்த பிறகும் பக்கம் நிற்க மறுக்கும். நடத்துநர் தன் வசூல் கணக்கை விட்டுவிட்டுத் தன் மகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். அப்போது நோட்டை மூடிவிட்டு, விதியை மறந்து, வேறு தாளில் எழுதத் தொடங்க வேண்டும்.