வாத்துக்குத் தலை முங்கும் அளவு தண்ணீர் வையுங்கள்

வீட்டில் வாத்து வளர்க்கிறீர்களா? முதலில் தண்ணீர்ப் பாத்திரத்தின் ஆழத்தைப் பாருங்கள். நீந்தக் குளம் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், ஆனால் தலை முழுக்க முங்கும் அளவுக்குத் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் கண்ணையும் அலகின் மேலிருக்கும் மூக்குத் துளைகளையும் வாத்து அப்படித்தான் கழுவிக்கொள்கிறது. தட்டையான தட்டில் வைத்தால் துளையில் தீவனம் காய்ந்து அடைத்துக்கொள்ளும், கண்ணோரம் சோப்பு நுரை மாதிரி கட்டும். ஒரு வாளி வைத்துப் பாருங்கள், தலையை முக்கி எடுத்து முதுகில் தண்ணீரை உருட்டிவிட்டு வாலை ஆட்டும், பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். நுரை ஓரிரு நாளில் போகவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தீவனத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர் இருக்கட்டும், வெறும் தீவனம் தொண்டையில் அடைக்கும்.

குஞ்சுகளுக்கு மட்டும் ஆழம் வேண்டாம். தாய் இல்லாமல் வளரும் குஞ்சின் இறகு சீக்கிரம் நனைந்து குளிரில் விறைத்துவிடும். அப்புறம், கோழிக்குஞ்சுத் தீவனம் மட்டுமே கொடுத்தால் நியாசின் என்ற வைட்டமின் போதாமல் கால் வளையலாம். நொண்டினால் அசட்டையாக இருக்காதீர்கள்.