மணலுக்காக இறக்கிய காற்றை மீண்டும் ஏற்ற நான் தேர்ந்த கம்ப்ரசர்

சோழவந்தான் பக்கம் வைகைக் கரையோர மணல் தடங்களில் ஜீப்பை ஓட்டும்போது டயர்களின் காற்றழுத்தத்தை 32 பி.எஸ்.ஐ.யிலிருந்து 18 அளவுக்குக் குறைத்துக்கொள்கிறேன். டயர் பரந்து படிவதால் சக்கரம் எளிதில் புதைவதில்லை. சிக்கல், தார்ச்சாலைக்குத் திரும்பும்போதுதான். குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறிச் சிதையக்கூடும் என்பதால், பஞ்சர் கடையை நம்பாமல் அங்கேயே நிரப்பியாக வேண்டும்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சிறிய கம்ப்ரசர் மூன்றாவது டயருக்குள் சூடாகி நின்றுவிடும். சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம். அந்தச் சாக்கெட்டின் பியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான். அதாவது 12 வோல்ட்டில் 180 வாட்டுக்கு மேல் கிடைக்காது. ஆகவே, பேட்டரி முனைகளை நேரடியாகக் கவ்வி, 30 ஆம்பியர் வரை இழுக்கும் பெரிய கம்ப்ரசருக்கு மாறினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த 150 பி.எஸ்.ஐ. என்ற எண்ணை நான் பொருட்படுத்தவில்லை; ஜீப் டயருக்கு அதில் கால்பங்கு போதும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றுத் தரும், ஓய்வின்றி எவ்வளவு நேரம் ஓடும், குழாய் பின்சக்கரம் வரை எட்டுமா என்பவற்றையே விசாரித்தேன்.

பேட்டரி இறங்காதிருக்க, இன்ஜினை ஓடவிட்டபடியே நிரப்புகிறேன். சூடான டயர் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்பதால், மறுநாள் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் தனி அளவியால் சரிபார்த்துக்கொள்கிறேன்.